கிடாய்க்கு எடை ஊசி போடலாமா? அதே ஊசியை மகனும் கேட்கிறான்

கேள்வி: பக்ரீத் விற்பனைக்காகச் செம்மறிக் கிடாய்கள் வளர்க்கிறேன். அமெரிக்காவில் மாட்டுக்கு ஹார்மோன் வைத்துத்தான் எடை ஏற்றுகிறார்கள் என்று சொல்லி ஒருவர் லேபிள் இல்லாத ஊசிக் குப்பிகளைக் கொடுத்துப் போனார். கல்லூரியில் படிக்கும் என் மகன் கபடி ஆடுகிறான். ஜிம்மில் பலரும் போடுகிறார்களாம், அவனும் ஒரு குப்பி கேட்கிறான். கிடாய்க்குப் பலன் உண்டா? மனிதருக்கு ஆகுமா?

– ஒரு விவசாயி, மேச்சேரி

பதில்: மகன் விஷயத்தை முதலில் பார்ப்போம், ஐயா. அந்தக் குப்பிகளை இன்றே அவன் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள்.

இப்படிப்பட்ட குப்பிகளில் மாட்டுக்கான டிரென்போலோன், குதிரைக்கான போல்டினோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கலாம். இரண்டும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் வேலையைச் செய்பவை. தசை ஏறும், அது பொய்யில்லை. ஆனால் வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், விதைக்கு மூளை அனுப்பும் உத்தரவு நின்றுவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும். மருந்தை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகியும் சிலருக்கு இது சரியாவதில்லை. நல்ல கொழுப்பு இறங்கும், இதயத் தசை தடிக்கும், சிலருக்கு மார்பு வீங்கும். அமெரிக்காவில்கூட டிரென்போலோனுக்கு மாட்டில் மட்டும்தான் அனுமதி, மனிதருக்கு இல்லை.

விளையாட்டிலும் தப்ப முடியாது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய பென் ஜான்சன் தங்கத்தை இழந்தது ஸ்டானோசோலோல் என்ற ஸ்டீராய்டால். அது கால்நடை மருத்துவத்திலும் புழங்கிய மருந்து. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் முதல் முறையே 4 ஆண்டு வரை தடை வரும். உங்கள் மகன் ஏற்கெனவே போட்டிருந்தால் திட்டாதீர்கள். குப்பியோடு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இனி கிடாய். அமெரிக்காவில் மாட்டின் காதின் பின்புறத் தோலுக்கடியில் ஹார்மோனைச் சிறு குளிகைகளாக வைப்பார்கள். மருந்து மெல்லக் கசியும். அறுக்கும்போது காதை எறிந்துவிடுவார்கள். தினசரி எடையேற்றம் 10 முதல் 20 சதவீதம் வரை கூடும். அந்த மாடுகள் பெரும்பாலும் காயடித்தவை, சொந்த ஆண் ஹார்மோன் இல்லாதவை. அதோடு கொட்டிலில் மக்காச்சோளத்தை வயிறாரத் தின்பவை. உங்கள் கிடாய் காயடிக்காததென்றால் அதன் விதையே அந்த வேலையைச் செய்கிறது. தீவனம் போதாத உடம்பில் எந்த ஊசியும் கறி வைக்காது. ஐரோப்பிய நாடுகளோ இந்த முறையையே தடை செய்து, 1989 முதல் ஹார்மோன் வைத்த அமெரிக்க மாட்டிறைச்சியையும் வாங்க மறுத்துவிட்டன.

லேபிள் இல்லாத குப்பியில் டெக்சாமெத்தசோன்கூட இருக்கலாம். அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் தசை வளர்ப்பதில்லை. நோய் எதிர்ப்பைக் குறைக்கும், நிறைசினை ஆட்டுக்குப் போட்டால் குட்டி விழுந்துவிடும்.

கறி வாங்குபவரையும் நினைக்க வேண்டும். 2011-இல் மெக்சிகோவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்தில் 208 வீரர்களைச் சோதித்தபோது 109 பேரின் சிறுநீரில் கிளென்புட்டரால் இருந்தது. அது ஸ்டீராய்டு அல்ல, ஆனாலும் கறி வைப்பதற்காகக் கால்நடைக்குத் திருட்டுத்தனமாகக் கொடுக்கப்படும் மருந்து. அந்தப் பையன்கள் ஊசி போடவில்லை, இறைச்சிதான் சாப்பிட்டார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் செய்தி இதுதான்.

ஊசி இல்லாமலே எடை ஏற்ற வழி இருக்கிறது. முதலில் குடற்புழு நீக்குங்கள். துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்களுக்கான தடுப்பூசிகள் விட்டுப்போயிருந்தால் போட்டுவிடுங்கள். தானியம் கூட்டும்போது துள்ளுமாரிதான் கொழுத்த கிடாயை முதலில் அடிக்கும். மேய்ச்சலோடு வேலிமசால் அல்லது அகத்தி, கூடவே மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீவனம் ஒரு கிடாய்க்குத் தினமும் 200 முதல் 300 கிராம் கொடுங்கள். அதில் 2 சதவீதம் தாது உப்பு சேரட்டும். 50 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள்; ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு புளித்து ஆடு படுத்துவிடும். வாரம் ஒரு நாள், காலையில் தீவனத்துக்கு முன் எடை போட்டு எழுதி வையுங்கள். ஏறாத கிடாயின் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; அந்தக் குப்பிகளையும் அங்குள்ள மருத்துவரிடமே ஒப்படைத்துவிடலாம்.