மலையில் ஓட்டுகிறவர் சைலன்சர் மாற்றினால் காது தப்புமா? தப்பும், ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து வாங்கினால்

கேள்வி இதுதான்: "சின்ன கார், பழைய சைலன்சர் போய்விட்டது, வெளியில் வாங்கிப் போடப் போகிறேன். சத்தம் கொஞ்சம் கம்பீரமாக இருந்தால் நல்லது, ஆனால் உள்ளே உட்காருகிறவர்களுக்குக் காது வலிக்கக் கூடாது. எதைப் பார்த்து வாங்குவது?"

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. மலை ஊர் என்றே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நாலுவழிச் சாலையில் ஐந்தாவது கியரில் போகிறவருக்கு நான் சொல்வதில் பாதி தேவைப்படாது. நான் கோத்தகிரி. மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், பீட்ரூட் விஷயமாக இறங்கி ஏறுவதுதான் பிழைப்பு, அது போக அம்மாவைக் கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது. வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், பின்கதவு வைத்த ஹாட்ச்பேக். பழையதுதான்.

சைலன்சர் ஏன் போகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன், இது தெரிந்தால்தான் அடுத்தது எதை வாங்குவது என்று புரியும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. தூரமாக ஓட்டினால் குழாய் முழுக்கச் சூடாகி அது வெளியேறிவிடும். இங்கே குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்து, பள்ளிக்கூடம், பால் பூத், கடைவீதி என்று சுற்றி வந்து நிறுத்தினால் பின்பக்கச் சைலன்சர் சூடாகவே நேரம் இல்லை, தண்ணீர் உள்ளேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும். என் வண்டியில் மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, அடியில் தையல் ஓரமாக விரலை வைத்து அழுத்தினால் தகரம் அப்பளம் மாதிரி உடைந்தது. ஒரிஜினல் கேட்டால் சொன்ன விலை என் வண்டியின் வயதுக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் வெளியே தேடினேன். ரேஸ் விடுவதற்காக இல்லை. இதைச் சொல்லிவிடுகிறேன், சைலன்சர் மாற்றினேன் என்று சொன்னாலே பொறுக்கிப் பையன் என்று முத்திரை குத்துகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

சரி, உள்ளே இரைச்சல் எப்படி வருகிறது? காதைக் கிழிக்கிற கிரீச்சு சத்தம் பெரும்பாலும் வெளியில் நிற்பவர்களுக்குத்தான், கண்ணாடியை ஏற்றினால் பாதி அடங்கிவிடும். உள்ளே இருப்பவரை வாட்டுவது "ம்ம்ம்" என்று நெஞ்சுக்குள் அதிரும் ஹம்மிங். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 2,400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) வினாடிக்கு 80 வெடிப்பு, அதாவது 80 ஹெர்ட்ஸ். அந்த அலையின் பாதி நீளம் சுமார் 2.1 மீட்டர். டேஷ்போர்டிலிருந்து பின்கதவு வரை அளந்து பாருங்கள், சின்ன ஹாட்ச்பேக்கில் கிட்டத்தட்ட அதே நீளம் வரும். பாதி அலை காருக்குள் சரியாகப் பொருந்துவதால்தான் அந்த ஒரு எஞ்சின் வேகத்தில் கார் முழுக்க சேர்ந்து முழங்குகிறது, முன்னே பின்னே போனால் குறைகிறது. மூன்று சிலிண்டர் என்றால் அதே 80 ஹெர்ட்ஸ் 3,200 ஆர்பிஎம்மில் வரும், கணக்கு மாறும். நண்பருடைய வண்டியில் நன்றாக இருக்கிறது என்று அதே சைலன்சரை வாங்கி உங்கள் வண்டியில் போட்டால் ஏன் வேறு மாதிரி கேட்கிறது என்பதற்கும் இதுதான் காரணம்.

இப்போது மலைக்கு வாருங்கள். சமவெளியில் 2,400ஐத் தாண்டிப் போய்விடலாம், ஒரு கியர் மாற்றினால் போதும். இங்கே குன்னூர் பாதையில், அடிவாரத்துக் கல்லாறிலிருந்து ஏற ஆரம்பித்தால் இரண்டாவது, மூன்றாவது கியரில், ஆக்சிலரேட்டர் அழுத்தியபடி, 2,000க்கும் 3,000க்கும் நடுவிலேயே ஒரு மணி நேரம் ஓடுகிறது வண்டி. ஹம்மிங் வரும் இடத்திலேயே குடியிருக்கிறோம். காது வேறு உயரத்துக்கு ஏற்ப அடைத்து அடைத்துத் திறக்கிறது. அதனால் நான் சொல்லும் ஒரே விஷயம், கடைவாசலில் நியூட்ரலில் வைத்து முறுக்கிக் காட்டும் சத்தத்தை நம்பி வாங்காதீர்கள். எஞ்சினுக்குப் பாரம் இல்லாதபோது வரும் சத்தம் வேறு, ஏற்றத்தில் வரும் சத்தம் வேறு. யூடியூப் வீடியோவும் அப்படித்தான், செல்போன் மைக் அந்த அடித்தொண்டை ஒலியைச் சரியாகப் பிடிக்காது, கேட்பதற்கு எல்லாமே நன்றாக இருக்கும்.

நான் கோவையில் ஒரு கடைக்குப் போனேன், பெயர் வேண்டாம். பையன் நல்ல பையன்தான், ஆனால் நான் எந்த வண்டி என்று கூடக் கேட்காமல் பாலிஷ் போட்டு மின்னும் ஒரு குழாயைத் தூக்கிக் காட்டி, "அண்ணா, இத போட்டா ரோடே திரும்பிப் பாக்கும்" என்றான். எனக்கு ரோடு திரும்ப வேண்டாம், பின்சீட்டில் எழுபது தாண்டிய அம்மா உட்காருவார்கள், அவர்களுக்குத் தலைவலி வரக் கூடாது என்றேன். அதற்கு அவன், டிக்கியிலும் கதவிலும் ஒட்டும் டேம்பிங் ஷீட் ஒட்டிவிடலாம் அண்ணா என்று அதற்குத் தனி விலை சொன்னான். அந்த ஷீட் தகரம் கடகடப்பதைக் குறைக்கும், உண்மை. ஆனால் 80 ஹெர்ட்ஸ் முழக்கத்தை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அதற்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் சைலன்சரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியில் வேலை முடிந்தது மேட்டுப்பாளையத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில். பட்டறைக்காரர் வயதானவர், லாரி சைலன்சர்தான் அவருக்குத் தொழில். அவரிடம் இரண்டு சைலன்சர் டப்பா கொண்டு போயிருந்தேன், தெரிந்தவர் மூலமாக, ஒத்துவராததைத் திருப்பித் தருகிறேன் என்ற பேச்சில். ஒன்று நேர்குழாய் வகை: உள்ளே ஓட்டை போட்ட குழாய் நேராகப் போகும், சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு. இன்னொன்று அறை வகை: உள்ளே தடுப்புத் தகடுகள், புகை ஒரு அறைக்குள் போய்த் திரும்பி அடுத்த அறைக்கு வரும், கம்பெனி சைலன்சர் மாதிரி, ஆனால் டப்பா கொஞ்சம் பெரிது. "வெல்டு வெக்காதீங்கண்ணா, கிளாம்ப் மட்டும் போட்டுக் குடுங்க, ஓட்டிப் பாத்துட்டு வர்றேன்" என்றேன். "அப்படி யாரும் கேட்டதில்லீங்க தம்பி" என்றவர், போட்டுக் கொடுத்தார். அதற்காக அவருக்கு இன்னும் நன்றி.

அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். இது முக்கியம். சைலன்சர் பின்சீட்டுக்கு அடியில், அதற்குப் பின்னால் இருக்கிறது. ஓட்டுபவர் காதில் விழுவது வேறு, பின்னால் இருப்பவர் காதில் விழுவது வேறு. கண்ணாடியை ஏற்றிவிட்டு, கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வரை போய்த் திரும்பினேன். நேர்குழாய் டப்பாவில் வெளியே சத்தம் ஒன்றும் மோசம் இல்லை, எனக்கே பிடித்திருந்தது. மூன்றாவது கியரில் 2,300 வந்ததும் அம்மா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சுல என்னமோ அதுருது கண்ணு, கண்ணாடிய எறக்கு" என்றார்கள். திரும்பி வந்து அறை வகையை மாட்டினோம். அதே ஏற்றம், அதே கியர். 2,400ல் லேசாக ஒரு முனகல், அவ்வளவுதான். ஆர்பிஎம் முள் ஏற ஏற நான் "இப்போ? இப்போ?" என்று கேட்டுக்கொண்டே போக, "நீ பேசறதுதான் சத்தமா இருக்கு" என்றார்கள் அம்மா. வெல்டு வைத்துவிட்டோம்.

விஷயம் இதுதான்: பஞ்சு வகை மேல்சுருதிக் கிரீச்சை நன்றாக உறிஞ்சும், கீழ்ச்சுருதி முழக்கத்தில் வலுக் குறைவு. முழக்கத்தைப் பிடிக்க உள்ளே இடம் வேண்டும், அறை வேண்டும். அதனால் டப்பா பெரிதாக இருந்தால் நல்லது. பஞ்சு வகைக்கு இன்னொரு குறை, நாளாக நாளாகப் பஞ்சு எரிந்து, பிய்ந்து வெளியேறிவிடும், வாங்கியபோது கேட்ட சத்தம் அப்படியே இருக்காது.

எஞ்சினுக்கும் பின்பக்கச் சைலன்சருக்கும் நடுவில், குழாயில் ஒரு சின்ன டப்பா இருக்கும், ரெசனேட்டர். "இது தேவையே இல்ல, எடுத்துட்டு நேர் பைப் வெச்சுடலாம்" என்பார்கள். வேண்டாம். அந்த எஞ்சினின் குறிப்பிட்ட சில முழக்கங்களை அடக்கத்தான் கம்பெனி அதை அங்கே வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பின்பக்க டப்பாவை மட்டும் மாற்றுங்கள். குழாயின் விட்டமும் ஒரிஜினல் அளவிலேயே இருக்கட்டும், 1.2 லிட்டருக்கு இரண்டரை அங்குலக் குழாய் போட்டு எந்தப் பயனும் இல்லை.

இதற்கு உடனே ஒருவர் வருவார்: "குழாய் பெரிதாக்கினால் மலையில் நன்றாக இழுக்கும்." ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய கால்வாசி குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு உள்ளே போகும் காற்றே அந்த அளவு குறைவு, அதனால்தான் இழுக்கவில்லை. வெளியேறும் குழாயை எவ்வளவு பெரிதாக்கினாலும் மலையில் இல்லாத காற்று வந்துவிடாது.

சட்டம் பேச வருகிறவர்களுக்கு: தெரியும். நான் மாற்றியது துருப்பிடித்த டப்பாவை, அதே வேலை செய்யும் இன்னொரு டப்பாவால். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைத் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள், யார் என்ன சொன்னாலும். ஒலி, புகை விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ன்படி 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பீரமான சத்தம் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஆசை எனக்கும் புரிகிறது, ஆனால் கோத்தகிரிப் பாதையில் குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை ரோட்டோரம் நிற்கும், திருப்பத்துக்கு அந்தப் பக்கம் காட்டெருமை நிற்கும். அங்கே உறுமிக்கொண்டு போவது எனக்கு ஒப்பவில்லை. கண்ணாடியை இறக்கினால் எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன் எனக்குக் கேட்க வேண்டும்.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் எழுதிவிடுகிறேன். குறுகலான மலைப்பாதையில் இறங்கும் வண்டி ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும். இது மரியாதைக்குச் சொல்வது இல்லை, சாலை விதியிலேயே இருக்கிறது. சீசன் நேரத்தில் கீழிருந்து வருகிறவர்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை போல இறங்குகிறார்கள். மூட்டை ஏற்றிக்கொண்டு செகண்டில் ஏறுகிற நான் வளைவிலேயே நின்று, கை பிரேக் போட்டு, மறுபடி கிளட்ச் தேய்த்து எடுக்க வேண்டும். லைட் அடித்துக் கேட்டால் அவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். நியூட்ரலில் இறங்கி பிரேக் கருகிப் புகை வருகிற வண்டியை வாரக் கடைசிகளில் பர்லியார் பக்கம் பார்க்கலாம், குழந்தைகளோடு ஓரத்தில் நிற்பார்கள். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், இதைக்கூட யாரும் சொல்லித் தருவதில்லையா? சரி, விடுங்கள்.

சைலன்சருக்கு வருகிறேன். வாங்கப் போகும்போது ஒரு சின்ன காந்தம் கொண்டு போங்கள், பிரிட்ஜில் ஒட்டுகிற பொம்மைக் காந்தம் போதும். "எஸ்எஸ் 304" என்று சொல்லி விற்பார்கள்; எஸ்எஸ் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304, 409 எல்லாம் அதன் ரகங்கள். 304ல் காந்தம் அநேகமாக ஒட்டாது, 409ல் நன்றாக ஒட்டும். 409 மோசம் என்று சொல்லவில்லை, பல கம்பெனி வண்டிகளில் அதுதான் வருகிறது, ஆனால் 304 விலை கொடுத்து 409 வாங்காதீர்கள். எங்கள் ஊர் ஈரத்துக்கு 304 தாங்கும். டப்பாவின் அடியில், தாழ்ந்த பக்கத்தில், தண்ணீர் வடிய ஒரு பொடி ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாட்டும்போது சைலன்சரைத் தொங்கவிடும் பழைய ரப்பர் புஷ்களையும் மாற்றிவிடுங்கள். என்னுடையது கல் மாதிரி இறுகியிருந்தது, அதைக் கையில் வாங்கிப் பார்த்த பட்டறைக்காரர், "இதையே போட்டா புது சைலன்சர் சத்தம் எல்லாம் பாடியிலதாங்க வரும்" என்றார். அவர் சொன்னது சரி. ரப்பர் இறுகினால் குழாயின் அதிர்வு நேராகத் தரைத்தகட்டுக்கு ஏறும். "ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று விற்கிற கடினமான பாலியூரித்தேன் புஷ்ஷும் அதே கதைதான், சாதா ரப்பர் போடுங்கள். குழாய்க்கும் அதன் சூட்டைத் தடுக்கிற வெப்பத் தகட்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும், எஞ்சின் சூடானால் குழாய் நீளும், அப்போது தொட்டுக்கொண்டு கிணுகிணுக்கும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட அவசியமானது. வெல்டு முடிந்ததும் எஞ்சினை ஓட விட்டு, வால்குழாயைத் துணியால் ஒரு கணம் அடைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்து முட்டை விடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வால்குழாய் பம்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே கசிந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு, வாசனையே கிடையாது. டிசம்பர் உறைபனியில் கண்ணாடியை ஏற்றி, ஹீட்டர் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள் நாம். பின்சீட்டில் இருப்பவர் காரணம் இல்லாமல் தலைவலி, தூக்கம் என்று சொன்னால் உடனே கண்ணாடியை இறக்கி வண்டியை நிறுத்திவிட்டு, அந்த வெல்டைப் போய்ப் பாருங்கள்.