ஒருத்தர் பேரு கூட இல்லையே தங்கச்சி

கேள்வி: சார், எனக்கு ஊரு புளியரை. ஜெர்மனில ஸ்டட்கார்ட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில நர்ஸா சேந்து பதினாலு மாசம் ஆச்சு. இந்த ஜனங்க கூட ஒட்டவே முடியல. என் பர்த்டேக்கு வார்டுல ஒருத்தரும் ஒரு கேக் கூட வாங்கல. ஞாயித்துக்கிழமை வாக்குவம் க்ளீனர் போட்டேன்னு கீழ்வீட்டுப் பாட்டி மேல வந்து சத்தம் போட்டாங்க. அவங்க கல்ச்சர் வேற, நம்ம கல்ச்சர் வேற. வேலைய பாத்தோமா, ரூமுக்கு வந்து நம்ம ஆளுங்களோட பேசுனோமான்னு இருந்துட்டா போதும்ல?
– ஒரு வாசகி

பதில்: போதாது தங்கச்சி. ராத்திரி ட்யூட்டி முடிச்சு வந்து கதவ சாத்துனா எவ்வளவு வெறிச்சுன்னு இருக்கும்னு தெரியும், அதனாலதான் பட்டுன்னு சொல்றேன், கோவிச்சுக்காத.

மொதல்ல அந்த கேக். ஜெர்மனில பர்த்டே யாருக்கோ அவங்கதான் கேக் கொண்டு போகணும், அதான் அங்க வழக்கம். நீ அவங்க வாங்குவாங்கன்னு காத்திருந்த, அவங்க நீ கொண்டு வருவன்னு பாத்திருப்பாங்க, நீ கொண்டு வரலன்னதும் இந்தப் பொண்ணுக்கு கொண்டாடப் பிடிக்கல போலன்னு பேசாம விட்டிருப்பாங்க. வேற யாருக்காவது பர்த்டேன்னா முந்தின நாளே வாழ்த்து சொல்லிடாத, அது ஆகாதுன்னு நினைக்கிறவங்க அங்க நிறைய பேரு. பாட்டி விஷயமும் அப்படித்தான், ஞாயித்துக்கிழமை அங்க பெரும்பாலும் கடையே தொறக்காது, ஞாயிறு ஓய்வு நாளுன்னு அவங்க அரசியல் சட்டத்துலயே இருக்கு, 1919ல போட்ட பழைய வெய்மார் அரசியல் சட்டத்துல எழுதுனத அப்படியே இன்னைக்கும் வச்சிருக்காங்க. நீ வெளியூர்க்காரிங்கறதுக்காக அந்தம்மா மேல ஏறி வரல, ஞாயித்துக்கிழமைங்கறதுக்காக வந்திருக்காங்க.

இதெல்லாம் தெரியாம போறது தப்பில்ல. பதினாலு மாசத்துல ஒருத்தர்கிட்டயும் கேக்காம இருந்தியே, எனக்கு வருத்தம் அதுதான்.

நானும் இப்படி ஒண்ணு பண்ணிருக்கேன். புனலூர்ல வேலைக்குப் போன புதுசுல வீட்டுக்கார பெரியவர, நம்ம நீங்க மாதிரிதானேன்னு நெனச்சு, ரொம்ப மரியாதையா "நிங்ஙள்"னு கூப்பிட்டுட்டு இருந்தேன். மலையாளத்துல பெரியவங்கள அப்படி சொல்றது மரியாதைக் குறைவு. அவர் முகம் சுருங்கும், எனக்கு காரணம் புரியாது, நானும் இந்த மனுஷனுக்கு தமிழங்கன்னா ஆகாதுன்னு மனசுக்குள்ள முடிவே கட்டிட்டேன். ஒருநாள் அவர் சம்சாரம்தான் தனியா கூப்ட்டு, சேட்டன்னு கூப்பிடு மோனேன்னு சொல்லிக் குடுத்தாங்க. அன்னைக்கு சாயங்காலமே அவர் கூட உக்காந்து கட்டஞ்சாயா குடிச்சேன். அதுக்கு முன்னாடி நாலு மாசம் வீணாப் போச்சு, ஒரு வார்த்தைக்காக. உனக்கு அங்க நம்ம நீங்க மாதிரி "ஸீ"யும், நீ மாதிரி "டூ"வும் இருக்கு, வயசுல பெரியவங்களா பாத்து இனி டூன்னே கூப்பிடுன்னு சொல்ற வரைக்கும் ஸீதான், அவங்களே அப்படி சொன்னாங்கன்னா வீட்டுக்குள்ள ஒரு படி ஏத்திட்டாங்கன்னு அர்த்தம்.

நீ புளியரைக்காரி. உன் தாத்தா காலத்துல, 1956 நவம்பர் 1 வரைக்கும், செங்கோட்டைப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியோடதான இருந்துச்சு. செக்போஸ்ட் தாண்டி மலை ஏறுனா கேரளாவுல ஆரியங்காவு. அங்க வருஷா வருஷம் டிசம்பர்ல ஐயப்பனுக்கும் புஷ்கலைக்கும் திருக்கல்யாணம், மதுரைல இருந்து சௌராஷ்டிர ஜனங்க பொண்ணு வீட்டுக்காரங்களா சீர்வரிசையோட வர்றாங்க, தேவஸ்வம் ஆளுங்க மாப்பிள்ள வீடா நின்னு வரவேற்கறாங்க, சம்பந்தி விருந்து நடக்குது. வர்றவங்க வீட்டுல பேசுறது சௌராஷ்டிரம், வெளிய தமிழ், நிக்கறவங்க பேசுறது மலையாளம். மூணு பாஷைக்காரங்க சம்பந்தியாகறத பக்கத்துலயே வச்சுக்கிட்டு, கல்ச்சர் வேறன்னு நீ எழுதலாமா? அந்த உறவு நிக்கறதே ஒவ்வொரு வருஷமும் தட்டத் தூக்கிட்டு ஒரு கூட்டம் கெளம்பிப் போறதாலதான்.

நீயும் போகணும். பி2ங்கற ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ணியும் வார்டுல அவங்க பேசுறது புரியாது, அங்க பேசுறது ஸ்வாபிஷ்ங்கற வட்டாரப் பேச்சு, கிளாஸ்ல சொல்லிக் குடுக்கறது புத்தக ஜெர்மன், நம்ம செங்கோட்டைப் பேச்ச டிவி தமிழ் வச்சுப் புரிஞ்சுக்க முடியுமா என்ன? புரியலன்னா சிரிச்சு மழுப்பாம திருப்பிக் கேளு, தப்பு தப்பா பேசு. அங்க ஊருக்கு ஊரு ஃபெராயின்னு சங்கங்க இருக்கு, பாட்டு, தோட்டம், ஓட்டம் எதுக்கும் ஒண்ணு, ஒண்ணுல சேந்து ஒவ்வொரு வாரமும் தவறாம போ. அந்த ஜனங்க மொத நாளே தோள்ல கை போட மாட்டாங்க, அதே முகத்த அதே கிழமைல பத்து தடவ பாத்த பிறகு பேசுவாங்க. உங்க வார்டுல துருக்கிக் குடும்பத்து ஆளுங்க இருந்தா அவங்க கூடவும் உக்காரு, 1961ல ஜெர்மனியும் துருக்கியும் வேலைக்கு ஆள் அனுப்ப போட்ட ஒப்பந்தத்துல அவங்க தாத்தாமாருங்க கூலி வேலைக்கு வந்து எறங்குனவங்க, நீ இப்ப படுற பாட்ட மூணு தலைமுறையா பாத்தவங்க. கேரளாவுல இருந்தும் அறுபதுகள்லயே கத்தோலிக்க சபை மூலமா பொண்ணுங்க நர்ஸிங்குக்கு அங்க போயிருக்காங்க, அந்த சேச்சிமாருங்க இப்ப பாட்டிங்க.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன், யாராவது நிறத்த வச்சோ ஊர வச்சோ கேவலமா பேசுனா அத வழக்கம்னு விட்டுடாத, வார்டு பொறுப்பாளர்கிட்ட எழுதியே குடு. 2006ல இருந்து அதுக்குன்னு அங்க சட்டமே இருக்கு.

உன் லெட்டர ரெண்டு தடவ படிச்சேன் தங்கச்சி. "இந்த ஜனங்க"ன்னு இருக்கு, "பாட்டி"ன்னு இருக்கு, பதினாலு மாசம் பக்கத்துல இருந்தவங்கள்ல ஒருத்தர் பேரு கூட அதுல இல்ல. வர்ற சனிக்கிழமை ஒரு தட்டுல முறுக்கு வச்சு கீழ எறங்கிப் போய், ஞாயித்துக்கிழமை சத்தத்துக்கு மன்னிச்சுக்குங்கன்னு சொல்லு. அடுத்த லெட்டர்ல அந்தப் பாட்டி பேர எழுது.