கிளப்பில் பணம் கட்டும் முன்பும் பின்பும்: வாசகர் கேள்வி – பதில்

கே: டென்னிஸ் கோர்ட்டும் ஜிம்மும் சேர்ந்த ஒரு கிளப்பில் குடும்பச் சந்தாவை ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். வீட்டில் நாலு பேர். கட்டலாமா?
– வாசகி, அண்ணா நகர், மதுரை

ப: கட்டும் முன் ஒரு வார நாளில் மாலை ஆறரை மணிக்குப் போய்ப் பாருங்கள். காலை பதினொரு மணிக்குச் சுற்றிக் காட்டினால் எந்த கிளப்பும் விசாலமாகத்தான் தெரியும். நம்மூர் வெயிலுக்குக் கூட்டம் வருவது விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான். ஆறு முதல் ஒன்பது வரை மூன்று மணி நேரம். ஆளுக்கு ஒரு மணி நேர டபுள்ஸ் (பக்கத்துக்கு இரண்டு பேர்) என்றால் ஒரு கோர்ட்டில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். இரண்டு கோர்ட்டில் ஒன்றைப் பயிற்சி வகுப்புக்கு ஒதுக்கிவிட்டால் அந்தப் பன்னிரண்டு இடத்துக்கு மொத்த உறுப்பினர்களும் போட்டி. எத்தனை உறுப்பினர்கள், முன்பதிவு எப்படி என்று கேளுங்கள். "வந்தா ஆடலாம் மேடம்" என்பது பதில் இல்லை.

அடுத்து கோர்ட். கோடுகளுக்கு உள்ளே 78 அடி நீளம், 36 அடி அகலம் எல்லா இடத்திலும் சரியாக இருக்கும். கோட்டுக்கு வெளியேதான் கஞ்சத்தனம் பண்ணுவார்கள். கம்பிவேலியோடு சேர்த்து 120க்கு 60 அடி இருந்தால், பின்கோட்டுக்குப் பின்னால் 21 அடி கிடைக்கும். அது பத்து, பன்னிரண்டு அடியாகச் சுருங்கியிருந்தால் உயரமாக வரும் பந்துக்குப் பின்வாங்குகிறவர் வேலியில் முட்டிக்கொள்வார். வலை நடுவில் 3 அடி, கம்பத்தில் மூன்றரை அடி. டேப் தேவையில்லை: ஒரு ராக்கெட்டைச் செங்குத்தாக நிறுத்தி, இன்னொன்றின் தலையை அகலவாக்கில் அதன்மேல் வைத்தால் ஏறக்குறைய 3 அடி. நடுவில் இழுத்துக்கட்டும் பட்டை இல்லாத வலை பராமரிப்பு இல்லாத கோர்ட்டின் அடையாளம். ஐப்பசி மழைக்கு மறுநாள் போய்ப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. குட்டை எங்கே நிற்கிறதோ அங்கே பூச்சு முதலில் உரியும்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: குடும்பம் என்றால் யார் யார் (மாமியார், பதினெட்டு வயது தாண்டிய பிள்ளை சேர்த்தியா), பரீட்சை மாதங்களில் சந்தாவை நிறுத்திவைக்க முடியுமா, விளக்குக்கும் பந்துக்கும் தனிக் கட்டணமா, கோச்சிங் தனியா. ஜிம் சேவைக்கான ஜி.எஸ்.டி. 22.9.2025 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில்லில் பழைய விகிதம் இருந்தால் எந்தச் சேவைக்கு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் கருத்து: முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். நாலு பேரில் எத்தனை பேர் மூன்றாவது வாரமும் போகிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

கே: வருஷச் சந்தா 18,000 கட்டினேன். மூன்றாம் மாதம் முடிந்ததும் பராமரிப்பு என்று கோர்ட்டை மூடியவர்கள் திறக்கவே இல்லை. 'கட்டிய பணம் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் இருக்கிறதே?
– வாசகர், திருமங்கலம்

ப: ரசீதில் அச்சடித்துவிட்டால் சட்டம் ஆகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பணத்தைத் திருப்பித் தர பில்லில் கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். மூடிய தேதி, மீதி ஒன்பது மாதம், அதற்குரிய 13,500 ரூபாய் என்று கணக்கிட்டு சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பூட்டிய கேட்டின் படம், வாட்ஸ்அப் அறிவிப்பு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். ஜிம்மை மட்டும் தொடர்ந்து பயன்படுத்தியிருந்தால் அந்தப் பங்கை நீங்களே கழித்துக் கேளுங்கள், மனு நிற்கும்.

கே: ஏழு வயதுப் பையன். நாலு மாதமாக வகுப்புக்குப் போகிறான், நாலு பந்து தொடர்ந்து வலையைத் தாண்டவில்லை. ஆர்வம் இல்லையோ?
– வாசகி, ஒத்தக்கடை

ப: பையனை விடுங்கள், பந்தின் நிறத்தைப் பாருங்கள். வழக்கமான மஞ்சள் பந்து 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்பும். ஏழு வயதுப் பிள்ளையின் உயரமே சுமார் 120தான். தலைக்கு மேல் வருகிற பந்தை அவன் எப்படி அடிப்பான்? மணிக்கட்டை மடக்கிப் பிடியை மாற்றுவான். அந்தப் பழக்கம் பிறகு போகாது.

இந்த வயதுக்குச் சிவப்புப் பந்து: வேகம் 75 சதவீதம் குறைவு, கோர்ட் நீளம் 36 அடி, வலையும் தாழ்வு. பிறகு ஆரஞ்சு (50 சதவீதம் குறைவு, 60 அடி), அப்புறம் பச்சை (25 சதவீதம் குறைவு, முழுக் கோர்ட்). இந்தப் பந்துகள் கிளப்பில் இல்லை என்றால் வகுப்பு பெரியவர்களுக்கானது, பிள்ளைகள் பந்து பொறுக்க வருகிறார்கள்.

ராக்கெட்டும் காரணமாக இருக்கலாம். நேராக நிற்க வைத்து, கையைத் தொங்கவிட்டுக் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். ராக்கெட் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். உங்கள் பையனுக்கு 23 அங்குலம் வரலாம். தீபாவளிச் சட்டையை வளர்கிற பிள்ளை என்று தொளதொளவென்று எடுப்போமே, அந்தக் கணக்கு இங்கே உதவாது.

கே: வாரத்தில் ஐந்து நாள் டபுள்ஸ். வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாலே சுரீர் என்கிறது. வயது 44.
– வாசகர், டி.வி.எஸ். நகர்

ப: டென்னிஸ் எல்போவின் அறிகுறி. மணிக்கட்டை மேலே தூக்கும் தசைநார், முழங்கை எலும்பில் ஒட்டும் இடத்தில் நைந்துபோகிறது. முதலில் ராக்கெட்டின் நரம்பை (ஸ்ட்ரிங்) மாற்றுங்கள். பாலியஸ்டர் நரம்பை 55 பவுண்டு இழுவையில் கட்டியிருந்தால் ஒவ்வொரு அடியின் அதிர்வும் கைக்குத்தான் வரும். மல்டிஃபிலமென்ட் (பல மெல்லிய இழைகள் சேர்ந்த) நரம்பு, 50 பவுண்டுக்குக் கீழே. கைப்பிடி: பிடித்தபின் மோதிர விரல் நுனிக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் இடையில் மறுகையின் சுட்டுவிரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் பிடி சிறியது, இறுக்கிப் பிடிக்கிறீர்கள்.

பந்தையும் பாருங்கள். 150 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் 80 வரை வர வேண்டும். செத்த பந்தைத் தள்ள நீங்கள் கூடுதல் பலம் கொடுக்கிறீர்கள். நனைந்த பந்து இன்னும் மோசம்.

பயிற்சி: முன்கையை மேஜையில் குப்புற வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். ஒரு கிலோ டம்பெல்லை மறுகையால் தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் நாலு வினாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். பதினைந்து தடவை, மூன்று சுற்று, தினமும். லேசான வலி இருக்கலாம், கூடக் கூடாது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்; பத்தாம் நாள் வலி குறைந்ததும் கோர்ட்டுக்கு ஓடுகிறவர்களுக்குத்தான் அது திரும்பி வருகிறது. விரல் மரத்தாலோ, ராத்திரி சும்மா படுத்திருக்கும்போது வலித்தாலோ எலும்பு டாக்டரிடம் போங்கள்.

கே: எங்கள் அடுக்ககத்து ஜிம் ட்ரெட்மில்லில் கால் வைத்ததும் பெல்ட் ஒரு கணம் நின்று வழுக்குகிறது.
– வாசகர், விளாங்குடி

ப: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் நடு ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். 5 முதல் 7 செ.மீ. வந்தால் சரி. அதற்கு மேல் வந்தால் தொய்வு; பின்பக்க இரண்டு போல்ட்டையும் ஆலன் கீயால் கால் சுற்று, இரண்டும் ஒரே அளவு, வலப்புறமாகத் திருப்புங்கள். பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால் இடது போல்ட்டை மட்டும் கால் சுற்று. ஒரேயடியாக முறுக்கினால் ரோலர் பேரிங் போய்விடும். அடியில் காய்ந்திருந்தால் சிலிகான் ஆயில்தான். தேங்காய் எண்ணெய் விட்டு பெல்ட்டைப் பிசுக்காக்க வேண்டாம். 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடாது.

கே: ஆடி முடித்ததும் ஜிகர்தண்டா குடிக்கலாமா?
– கல்லூரி மாணவர், தல்லாகுளம்

ப: ஆசைக்குக் குடியுங்கள், தாகத்துக்கு அல்ல. பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் வியர்வையில் போன உப்பை ஈடுகட்டாது. உப்புப் போட்ட நீர்மோர் முதலில். சித்திரை வெயிலில் ஆடும் கூட்டாளி பேச்சுக் குழறினால், தள்ளாடினால் மோரும் வேண்டாம்: நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.