மூன்று முறை கரு கலைந்தபின் குரோமோசோம் பரிசோதனை: கணவருக்கும் அவசியமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 27. அத்தை மகனையே மணந்திருக்கிறேன். மூன்று முறை கருவுற்றும், மூன்று முறையும் பத்து வாரத்துக்குள் கலைந்துவிட்டது. திருநெல்வேலியில் நான் பார்க்கும் மருத்துவர், எனக்கும் கணவருக்கும் குரோமோசோம் பரிசோதனை செய்யச் சொல்கிறார். சொந்தத்துக்குள் கட்டியதால் வந்த குறை இது என்று வீட்டுப் பெரியவர்கள் பேசுகிறார்கள். திடமாக இருக்கும் அவருக்கும் இந்தச் சோதனை அவசியமா? அதில் என்னதான் பார்ப்பார்கள்?

பதில்: அவசியம் சகோதரி. இந்தச் சோதனை தேடும் குறை, நல்ல திடமாக இருப்பவரிடம்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அது கணவனிடமும் இருக்கலாம், மனைவியிடமும் இருக்கலாம்.

நம் உடலின் செல் ஒவ்வொன்றிலும் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள், தாய் வழியாக 23, தந்தை வழியாக 23 என 46 உள்ளன. முதல் மூன்று மாதத்துக்குள் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதியில், இந்த எண்ணிக்கையிலோ அமைப்பிலோ பிழை இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை அந்தந்தக் கருவில் தற்செயலாக நேர்பவை. பெற்றோரின் குரோமோசோம்கள் சரியாகவே இருக்கும். ஆனால் திரும்பத் திரும்பக் கரு கலையும் நூறு ஜோடிகளை எடுத்துக்கொண்டால், அவற்றில் 2 முதல் 5 ஜோடிகளில், கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு, ஒரு குரோமோசோமின் துண்டு வேறொன்றில் இடம் மாறி ஒட்டியிருப்பதைக் காணலாம். எதுவும் குறையவில்லை, கூடவும் இல்லை என்பதால் அவருக்கு எந்த நோயும் இருக்காது. சிலருக்கு இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை 45 ஆகவே இருக்கும். அவர்களும் நலமாகவே வாழ்கிறார்கள். சினைமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும் அல்லவா, சிக்கல் அங்கேதான் வருகிறது. உங்கள் பக்கத்து ஏத்தன் வாழையில் விதை இல்லாததற்கு முக்கியமான ஒரு காரணமும் இதுவே: அதில் ஒவ்வொரு குரோமோசோமும் மூன்று பிரதிகளாக, மொத்தம் 33 இருப்பதால், சமமாகப் பிரிய வழியில்லை. இடமாற்றம் உள்ள மனிதரிடம் நிலைமை அவ்வளவு மோசமில்லை. சில அணுக்கள் சரியாகவும் சில பிழையோடும் அமைகின்றன. ஆகவே அப்படிப்பட்ட தம்பதியரில் பலர் பின்னர் இயற்கையாகவே நல்ல குழந்தை பெறுகிறார்கள்.

சோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. ஆனால் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் உயிரோடு ஆய்வகம் சேர வேண்டும் என்பதால், ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் சேர்த்த குழாயில் எடுத்து, பனிக்கட்டிபோல் உறையவிடாமல் அனுப்புவார்கள். வெளியூர் ஆய்வகம் என்றால் விடுமுறைக்கு முந்தின நாள் கொடுக்காதீர்கள். ரத்தம் வழியில் தங்கிவிட்டால் மறுபடியும் ஊசி குத்த வேண்டிவரும். அங்கே, பீன்ஸ் வகை விதையிலிருந்து எடுத்த ஒரு புரதத்தைச் சேர்த்து, 37 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 72 மணி நேரம் வளர்த்து, அந்த அணுக்களைப் பிளவுபடத் தூண்டுவார்கள். குரோமோசோம்கள் தெளிவாகத் தெரிவது செல் பிளவுபடும் வேளையில் மட்டுமே. ஆகவே கோல்சிசின் வகை மருந்தால் பிளவை நடுவில் நிறுத்தி, உப்புச்செறிவு குறைந்த கரைசலில் செல்லை ஊதவைத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, ஜீம்சா சாயம் ஏற்றுவார்கள். கருப்பும் வெளுப்புமாகத் தெரியும் பட்டைகளை வைத்து ஒவ்வொரு ஜோடியையும் அடையாளம் கண்டு வரிசைப்படுத்துவதே காரியோடைப். முடிவு வரச் சில வாரங்கள் ஆவது இந்த வேலையால்தான். செல்லை ஊதவைக்கும் உத்தி கைவராத காலத்தில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்ததால், மனிதனுக்கு 48 என்றே அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1956-இல் ஸ்வீடனில் ஜியோவும் லெவானும்தான் 46 என்று நிறுவினார்கள். மூன்றே ஆண்டுகளில், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதை பிரான்சில் லெஜூன் குழுவினர் கண்டார்கள்.

சொந்தத் திருமணம் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். அத்தை மகன், மாமன் மகள் உறவில் இருவருக்கும் எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் பொதுவாக இருக்கும். ஒரே பழுதான மரபணு இரு பக்கமிருந்தும் சேரும்போது சில பரம்பரை நோய்கள் வரக்கூடும் என்பது உண்மை. ஆனால் குரோமோசோம் இடமாற்றம் சொந்தத்தில் கட்டியதால் உண்டாவதல்ல. காரியோடைப்பில் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய மாற்றமே டி.என்.ஏ.வில் ஏறக்குறைய 50 லட்சம் எழுத்துகள் அளவு கொண்டது. ஒற்றை மரபணுவில் உள்ள பழுது அதில் அகப்படாது. ஆகவே முடிவு இயல்பாக வந்தால், பரம்பரை நோய் எதுவும் வராது என்று அதற்குப் பொருளில்லை. குடும்பத்தில் காது கேளாமை, மனவளர்ச்சிக் குறைவு, சிசு மரணம் இருந்திருந்தால் மரபியல் ஆலோசகரிடம் தனியே சொல்லுங்கள்.

அறிக்கையில் 9-ஆவது குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருப்பதாக எழுதியிருந்தால் பதற வேண்டாம். அது பலரிடம் காணப்படும் இயல்பான வேறுபாடு. உண்மையான இடமாற்றம் தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்துக்குமேல் நஞ்சுக்கொடித் திசுவையோ, 16 வாரத்தையொட்டிப் பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்கலாம். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தையின் பாலினத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இதற்கிடையே தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் எதிர்ப்பொருள்கள், கருப்பையின் அமைப்பு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். இவற்றில் பலவற்றுக்கு மருத்துவம் உண்டு. ஒருவேளை மீண்டும் கலைந்தால், அந்தத் திசுவை ஃபார்மலினில் போட விடாமல், சுத்தமான சலைன் நீரில் வைத்து குரோமோசோம் சோதனைக்கு அனுப்பும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபார்மலினில் செல்கள் இறந்துவிடுவதால் அவற்றை ஆய்வகத்தில் வளர்க்க முடியாது.