அந்த டியூப் யாருடையது?

அன்புள்ள மேடம்,

எனக்கு 36 வயது. டி.எம்.எல்.டி. என்ற லேப் டிப்ளமா படித்துவிட்டு 12 வருடமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். பாதி நாள் நைட் டூட்டி. நோயாளிகளை நான் பார்ப்பதே இல்லை. பார்கோடு ஒட்டிய டியூப்கள்தான் வரும். ரிப்போர்ட்டில் டாக்டரின் கையெழுத்துதான் இருக்கும்.

பள்ளியில் என் பையனிடம் அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். "ஆஸ்பத்திரியில" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டானாம். மேலே என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. மிஷின் செய்கிற வேலைக்கு நான் எதற்கு என்று தோன்றுகிறது. சம்பளமும் பெரிதாக ஏறவில்லை.

போன நவம்பரில், மழை விட்டு டெங்கு கேஸாக வந்துகொண்டிருந்தபோது, ஒரு நைட் டூட்டியில் பிளேட்லெட், அதாவது ரத்தத் தட்டணுக்கள், 38,000 என்று மிஷின் காட்டியது. சந்தேகப்பட்டு ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். தட்டணுக்கள் திட்டுத் திட்டாக ஒட்டிக்கிடந்தன. நீல மூடி டியூபில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லிப் பார்த்ததில் 1,70,000. ரிப்போர்ட் முக்கால் மணி நேரம் லேட் என்று திட்டுதான் கிடைத்தது.

இந்த வேலையே வேண்டாம் என்று போய்விடட்டுமா?

- ஒரு வாசகி, அயனாவரம், சென்னை

அன்புள்ள சகோதரி,

12 வருடத்தை நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு ராத்திரியை மட்டும் எண்கூட மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வழக்கமாக ரத்தம் எடுக்கும் ஊதா மூடி டியூபில், ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம், சிலருடைய ரத்தத்தில் தட்டணுக்களை ஒட்ட வைத்துவிடும். மிஷின் அவற்றைச் சரியாக எண்ணாது. நீல மூடி டியூபில் ஈ.டி.டி.ஏ. கிடையாது. ஸ்லைடு போட்டுப் பார்க்கத் தோன்றியது உங்களுக்குத்தான். டெங்கு சீசனில் 38,000 என்ற எண் அப்படியே வார்டுக்குப் போயிருந்தால், அந்த வீட்டில் யார் தூங்கியிருப்பார்கள்? பிளேட்லெட் கொடுக்க ஆள் தேடி அலைந்திருக்கலாம். அந்த முக்கால் மணி நேரத்துக்கு உங்களுக்கு நன்றிதான் கிடைத்திருக்க வேண்டும்.

அந்த டியூப் யாருடையது, அப்புறம் என்ன ஆனது என்று உங்களுக்கு யாருமே சொல்லவில்லை. சோர்வு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அமெரிக்க உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை கேட்பவர்கள், அந்தப் பணத்தில் படிக்கும் ஒரு மாணவரை ஐந்தே நிமிடம் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், போனில் அவர்கள் செலவிட்ட நேரமும் திரட்டிய பணமும் இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தன. நீங்களும் எப்போதாவது, சந்தேகப்பட்டு மறுபடி பார்த்த சாம்பிளைப் பற்றி வார்டு சிஸ்டரிடம் இன்டர்காமில் கேளுங்கள். நோயாளியின் பெயர்கூட வேண்டாம். "இப்ப பரவாயில்லை" என்ற ஒரு வார்த்தை போதும்.

சம்பளத்தை இதோடு கலக்காதீர்கள். பெருமை இருக்கிறதே என்று குறைந்த சம்பளத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது எனக்குக் கோபத்தையே தருகிறது. உங்கள் அனுபவத்தைச் சொல்லி உயர்த்திக் கேளுங்கள், வேறு லேபிலும் விசாரியுங்கள். தொழிலையே விடுவதா என்பதை மட்டும், சில வாரமாவது ஒழுங்காகத் தூங்கிய பிறகு யோசியுங்கள். தூக்கமே வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் போனால் நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

பையனிடம் அந்த நவம்பர் ராத்திரியைச் சொல்லுங்கள். மிஷின் தப்பாக எண்ணியதையும், அம்மா மைக்ராஸ்கோப்பில் கண்டுபிடித்ததையும். அடுத்த தடவை பள்ளியில் கேட்டால் அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.