பழைய ரோடும் சின்ன டவுனும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, தீபாவளிக்கு குடும்பத்தோட பினாங்கு போறோம். ஹைவே ஜாமுக்கு பயந்து முழுக்க பழைய ரோட்டுலயே போயிடலாம்னு வீட்டுக்காரரு சொல்றாரு. சரிப்படுமா?
(வாசகி, செந்தூல்)

பதில்: முழுக்க வேணாம்மா. பழைய ரோடுங்கற முதலாம் நம்பர் கூட்டரசு சாலை ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்காய், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங், ஈப்போன்னு ஒவ்வொரு டவுனுக்குள்ளயும் புகுந்து போற ரோடு, பாசார் இருக்கும், ஸ்கூல் இருக்கும், முன்னால ஒரு லோரி மாட்டுச்சின்னா அதுக்குப் பின்னாலயே போகணும், பிள்ளைங்கள வச்சிக்கிட்டு ஒரு நாளே போயிடும். தஞ்சோங் மாலிம் வரைக்கும் ஹைவேல போங்க, அங்க இறங்கி தாப்பா வரைக்கும் பழைய ரோடு, அப்புறம் மறுபடி ஏறிக்குங்க. இந்தப் பகுதியில ரெண்டு ரோடும் கிட்டத்தட்ட சேர்ந்தே போகுது, சிலிம் ரிவர், சுங்காய், பீடோர் எங்க வேணும்னாலும் ஏற வழி இருக்கு. தஞ்சோங் மாலிம்ல பாவ் (ஆவியில வேக வச்ச பன்) வாங்கி பசியாறுங்க, பீடோர்ல கொய்யா வாங்காம வராதீங்க. பெருநாள் நேரத்துல கூட்டரசு சாலையில வேகத்த 90லருந்து 80க்கு இறக்குவாங்க, அத மட்டும் பார்த்துக்குங்க.

கேள்வி: ஹைவே வந்துதான் இந்த சின்ன டவுனெல்லாம் படுத்துப் போச்சா?
(வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: பாதி உண்மை தம்பி. 1994ல வடக்கு தெற்கு ஹைவே முழுசா திறந்தப்புறம் பஸ்ஸும் லோரியும் டவுனுக்குள்ள வர்றது நின்னுச்சு, ரோட்டோர சாப்பாட்டுக் கடைங்களுக்கு அது பெரிய அடிதான். ஆனா அதுக்கு முன்னாலயே 1985ல ஈய விலை சரிஞ்சு கிந்தா பள்ளத்தாக்குல லம்பம் லம்பமா (ஈயச் சுரங்கம்) மூடுனாங்களே, கம்பார், கோப்பெங்குக்கு அப்பவே உசுரு பாதி போச்சு. நம்ம ஆளுங்க கதை இன்னும் வேற. அந்த டவுன் மளிகைக் கடையும் துணிக்கடையும் ரோட்டுல போறவன நம்பி நடக்கல, சம்பள நாளன்னிக்கு தோட்டத்துலருந்து வர்ற ஜனங்கள நம்பி நடந்துச்சு. தோட்டத்த துண்டு போட்டு வித்தாங்க, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் காலியாச்சு, பிள்ளைங்க கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் வந்துட்டாங்க, அப்புறம் கடைக்காரர் யாருக்கு விப்பாரு? என்னைக் கேட்டா ஹைவேய விட இதுதான் பெரிய காரணம்.

தனக்குன்னு ஒரு தொழிலோ படிப்போ இருக்கற டவுன் எந்திரிச்சு நிக்குது. கம்பாருக்கு 2007ல துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் வந்துச்சு, இப்ப போய் பாருங்க, ராத்திரி பத்து மணிக்கும் கடையில கூட்டம். தஞ்சோங் மாலிம்ல 1922ல ஆரம்பிச்ச ஆசிரியர் கல்லூரிதான் இன்னிக்கு உப்சிங்கற சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், தமிழ் வாத்தியாராகப் போறவங்க அங்கதான் நிறைய பேர் படிக்கறாங்க, கூடவே புரோட்டோன் தொழிற்சாலையும் இருக்கு. சிலிம் ரிவருக்கு அப்படி ஒண்ணும் வரல. 1942 ஜனவரி 7ல ஜப்பான்காரன் டாங்கி இதே ரோட்டுல இறங்கி வந்து பிரிட்டிஷ் படைய உடைச்ச இடம் அது, இவ்வளவு பெரிய சரித்திரம் நடந்த ஊர நாம டோல் போர்டுல பேர் படிச்சிட்டு தாண்டிப் போறது எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கு.

கேள்வி: மோட்டார் சைக்கிள்ல போனா டோல் உண்டா?
(வாசகர், செபராங் ஜெயா)

பதில்: வடக்கு தெற்கு ஹைவேல கிடையாது. பினாங்கு பாலம் ரெண்டுலயும் 2019லருந்து கிடையாது.

கேள்வி: எங்க ஏரியா ரோட்டுல குழி. யார்கிட்ட சொன்னாலும் எங்க ரோடு இல்லைங்கறாங்க.
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: முதல்ல ரோட்டு நம்பரப் பாருங்க. வெறும் நம்பர்னா கூட்டரசு சாலை. முன்னால எழுத்து இருந்தா மாநில சாலை, பினாங்குன்னா பி (P), பேராக்னா ஏ, கெடான்னா கே. ஈ எழுத்து வந்தா ஹைவே. கூட்டரசு, மாநில சாலை ரெண்டுக்குமே ஜேகேஆர் (பொதுப்பணி இலாகா) ஆபீஸ்தான், ஆனா காசு வேற வேற இடத்துலருந்து வருது, அதனாலதான் இந்த இழுத்தடிப்பு. தாமான் (குடியிருப்புப் பகுதி) உள்ள இருக்கற சின்ன ரோடுன்னா உங்க செபராங் பிறை மாநகர் மன்றம். 2023ல கூட்டரசு பொதுப்பணி அமைச்சு மைஜாலான்னு ஒரு ஆப் விட்டிருக்கு, அதுல போட்டோவோட போடுங்க, பக்கத்துல இருக்கற கிலோமீட்டர் கல்லும் போட்டோவுல தெரியற மாதிரி எடுங்க, அப்பதான் இடம் தெரியலன்னு சாக்கு சொல்ல முடியாது. புகார் நம்பர எழுதி வச்சிக்குங்க, பதில் வரலைன்னா அந்த நம்பரோட உங்க சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்துக்கு நேர்ல போங்க.