பொத்தானுக்குச் சொல் எழுதுவதும் வேலைதான் ஐயா

"தமிழ் இலக்கியம் முடித்த பெண், கம்ப்யூட்டர் பொத்தானுக்குச் சொல் எழுதப் போகிறேன் என்கிறாள். இதற்கெல்லாம் சம்பளம் தருவார்களா?" என்று கோத்தகிரியிலிருந்து கேட்டிருந்தீர்கள். தருவார்கள் ஐயா. போன், கம்ப்யூட்டர் திரையில் வரும் பொத்தானுக்கும் அறிவிப்புக்கும் சொல் எழுத, யுஎக்ஸ் ரைட்டர், கன்டென்ட் டிசைனர் என்ற பெயர்களில் ஆள் எடுக்கிறார்கள்.

போன மாதம் பெங்களூரு பஸ் டிக்கெட் ஒன்றை போனில் ரத்து செய்யப் பார்த்தேன். 'டிக்கெட்டை ரத்து செய்யவா?' என்று ஒரு பெட்டி வந்தது. கீழே இரண்டு பொத்தான்: 'சரி', 'ரத்து'. நான் 'ரத்து' அழுத்தினேன். பெட்டி மூடிக்கொண்டது, டிக்கெட் அப்படியே இருந்தது. பஸ் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன். பணம் போனது போனதுதான். 'டிக்கெட்டை ரத்து செய்', 'டிக்கெட் இருக்கட்டும்' என்று எழுதியிருந்தால், அவசரத்தில் கேள்வியைப் படிக்காதவர்கூடச் சரியாக அழுத்தியிருப்பார்.

1983இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினியை உருவாக்கும்போது, 'செய்' என்ற பொருளில் 'டூ இட்' என்று பொத்தான் வைத்திருந்தார்கள். சோதித்துப் பார்க்க வந்தவர்கள் சிலர், 'Do It' என்பதில் இடைவெளியைக் கவனிக்காமல், பெரிய 'I'யைச் சின்ன 'l' என்று எடுத்துக்கொண்டு, அதை 'டோல்ட்' (dolt), அதாவது மடையன், என்று படித்துவிட்டார்கள். அதனால்தான் 'ஓகே' என்று மாற்றினார்கள்.

தமிழில் இன்னொரு சிக்கல். 'நீக்கு' என்றால் மரியாதைக் குறைவோ என்று பயந்து 'நீக்கவும்' என்று எழுதுகிறார்கள். சின்னத் திரையில் அது பாதியில் வெட்டுப்படும். பொத்தான் என்பது அழுத்துகிறவர் கருவிக்கு இடும் கட்டளை. அங்கே 'நீக்கு' போதும். பெட்டிக்குள் கருவி நம்மிடம் பேசும் வாக்கியத்தில்தான் 'நீங்கள்' வேண்டும். ஏவலும் வியங்கோளும் படித்த உங்கள் மகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். தமிழுக்கென்றே தனியாக ஆள் எடுப்பது குறைவு. வேலை பெரும்பாலும் பெங்களூரு, சென்னையில். ஆங்கிலமும் நன்றாக எழுத வரவேண்டும். மொழிபெயர்ப்பிலோ கஸ்டமர் சப்போர்ட்டிலோ சேர்ந்து, அப்புறம் இதற்கு மாறுகிறவர்களும் உண்டு. கடன் வாங்கி கோர்ஸில் சேர்க்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தமிழாக்க, அதை உருவாக்கும் மொஸில்லாவின் பொன்டூன் என்ற இணையதளம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சேரலாம். அங்கே பழகட்டும்.

கூடவே, குழப்பமான ஐந்து பெட்டிகளைத் தாளில் திருத்தி வரைந்து, பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் நாலு பேரிடம் காட்டச் சொல்லுங்கள். "இதை அழுத்தினால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டு, பதிலை அப்படியே குறித்துக்கொள்ளட்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழோடு அந்தத் தாள்களையும் அனுப்பலாம். முதல் ஆளாக நீங்கள் உட்காருங்கள். புரியாததைப் புரியவில்லை என்றே அவளிடம் சொல்லுங்கள்.